இல்லாத பாம்பைச் சுட்ட மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலையில் கேஃப்டீரியாவில் பரோட்டாவைப் பிய்க்கும்போதுதான் கவனித்தேன். வலது கை சுண்டுவிரல் நுனியில் அதே கரி. நகத்துக்கும் சதைக்கும் நடுவிலே கறுப்பாக ஒரு கோடு. முகர்ந்து பார்த்தால் எரிந்த மருந்தும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த அந்த வாடை. சோப்பு போட்டுப் பார்த்தாச்சு, எலுமிச்சம்பழம் தேய்த்தாச்சு. துபாய் சத்வாவில் ஒரு கடைக்காரன் ஒட்டக எலும்புச் சாம்பல் என்று ஒரு பொட்டலம் கொடுத்தான், அரபு ராஜாக்கள் வைரம் துலக்குவது என்று சொல்லி. வைரம் துலங்குமோ என்னவோ, என் விரல் துலங்கவில்லை.

டீ போடுகிறவன் கேட்டான். "என்ன பாய், ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்தீங்களா?"

"எந்த ஊர்லடா சுண்டுவிரல்ல மை வைக்கிறான்? இது தொழில் மை. இந்த விரல் இல்லேன்னா அல் ஐன்ல பாதிப் பேரு செத்து, அவங்களுக்கு இன்னைக்கு வருஷ ஃபாத்திஹா ஓதிக்கிட்டு இருப்பாங்க."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் சொல்கிறதை இங்கே எவன் நம்புகிறான்?

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து எதிரே உட்கார்ந்தார். நீ பார்க்காத ஆள், புதுசு. மங்களூர்ப் பக்கம், தமிழ் நன்றாகவே பேசுவார். ஒரு வேன் நிறைய புது ஆட்கள் வந்திருக்கிறார்களாம், எல்லோரையும் துப்பாக்கி சுடுகிற லைனில் போடப் போகிறார்களாம். லைனுக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில் உன் போட்டோவை மாட்டி வைத்திருக்கிறார்.

"மத்தியானம் அவங்களுக்கு நீங்கதான் பேசணும் பாய். அந்தப் பாம்புக் கதையைச் சொல்லுங்க. ஒரே குண்டுல பாம்பைச் சுட்டாரே ஹவில்தார், அது. புதுப் பசங்களுக்கு ஒரு மரியாதை வரணும்."

பிய்த்த பரோட்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன் மச்சான். அந்தப் பாம்பைப் பற்றிய உண்மை இந்த உலகத்தில் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் சர்க்கரை காலில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பெட்டியில் கமுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருக்கிறவன் கீழக்கரையிலேயே பெரிய வாய்க்காரன். உன் பேர் இப்போது என் வாயில் இருக்கிறது. இது எப்பேர்ப்பட்ட இடம் என்று உனக்கே தெரியும்.

நீ என்னைப் பற்றிச் சொல்வாயே, "உன் பேச்சுல பாதி காத்து, மீதி பலூன்" என்று. பலூன் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் தர்கா கந்தூரியில் பலூன் சுடுகிற கடை போடுவான். நான் போய் நின்றால் கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான். ஒருமுறை பலகை முழுக்க வெடித்துத் தள்ளிவிட்டுக் கடைசியில் அவன் சட்டைப் பையில் ஊதாமல் வைத்திருந்த பலூனையும் ஓட்டை போட்டேன். அவன் கடையை மடித்து வைத்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். இதை உன்னிடம் முதல் நாள் சொன்னபோது நீ சொன்னாய், "டீ வாங்கிக் குடுத்தது மட்டும் உண்மையா இருக்கும் மாப்ளே. உன்ன அனுப்புறதுக்கு அவனுக்கு வேற வழி தெரிஞ்சிருக்காது."

அந்த முதல் நாளிலேயே நீ மச்சான், நான் மாப்ளே என்று ஆகிவிட்டது. வாடிக்கைக்காரர்கள் முன்னால், பட்டாளத்தில் இருந்த நீ ஹவில்தார் சாப், நான் பாய். நான் கவுண்டரில் காதுக்கு மாட்டுகிற கவசமும் கண்ணாடியும் கொடுக்கிறவன். நீ லைனில் விசில் ஊதுகிறவன். முன்னால் ஹஃபீத் மலை, நடுவில் மணல் மேடு, மேட்டுக்கு முன்னால் வரிசையாகக் குறி வரைந்த தாள். இந்தப் பக்கம் கொட்டகைக்குக் கீழே வரிசையாக மேஜை. மேஜைக்குப் பின்னால் வந்து நின்றதுகளோ, அல்லாஹ்வே, அதுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். படித்த கூட்டம். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாதவன் எல்லாம் துப்பாக்கியைத் தொட்டவுடன் தளபதியாகிவிடுவான். அதுகளுக்கு நீ வைத்த பட்டப்பேர்களை இன்றைக்கும் நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சுட்டுக் குண்டு வரவில்லை என்றால் உடனே துப்பாக்கியைத் திருப்பிக் குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பான் ஒருத்தன். அவன் 'கிணத்துக்காரன்'. தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறானாம். ஒரு குண்டு போட்டதும் துப்பாக்கியோடு அப்படியே திரும்பி, பின்னால் நிற்கிற மனைவியைப் பார்த்து, போட்டோவுக்குப் பல்லைக் காட்டுகிறவன் 'கல்யாண மாப்பிள்ளை'. கைத்துப்பாக்கியைப் படுக்கவைத்துச் சுடுகிறவன் 'தோசைத் திருப்பி'. சுட்டு முடித்துக் குழாய் நுனியை ஊதுகிறவனுக்குப் பேர் வைக்கவே உனக்கு மனசு வரவில்லை. "அதுக்கு ஒரு பேரு வேறயா? ஊதிட்டுப் போகட்டும். சூடு ஒதட்டுல பட்டா தானா நிறுத்துவான்."

அப்புறம் ஒரு ஜாதி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நேராகப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, எல்லாம் சரியாகச் செய்து, பக்கத்து மேஜைக்காரன் தாளில் போய்ச் சுடும். தன் தாளில் ஒரு ஓட்டையும் இருக்காது, பக்கத்தான் தாள் சல்லடையாக இருக்கும். உடனே துப்பாக்கி சரியில்லை என்று சண்டைக்கு வருவான். நீ அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து, சிரிக்காமல், பக்கத்தானிடம் கொடுத்துச் சொல்வாய். "வாழ்த்துகள் சார். நீங்க சுடாததையும் சேத்து சுட்டிருக்கீங்க."

செருப்பு போட்டுக்கொண்டும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டும் வருகிறவனுக்கு நான் முன்னாலேயே சொல்லிவிடுவேன், சுட்ட தோட்டாக்கூடு சுடச்சுட எகிறி விழும் சார், மூடிக்கிட்டு வாங்க என்று. கேட்பானா? கூடு பனியனுக்குள் விழுந்ததும் ஆடுவான் பார், கந்தூரியில் யானை மிரண்டால்கூட அப்படி ஆடாது. ஆடுகிறது பெரிசில்லை. ஆடும்போது துப்பாக்கி கையில் இருக்கும். அது ஒரு சுற்று எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு வரும். அப்போதெல்லாம் நீ எப்படித்தான் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடிப்பாயோ.

சென்னைக்காரன் ஒருத்தன், ஐ.டி. ஆள், காதில் போட்ட கவசத்துக்குக் கீழே பாட்டுக் கேட்கிற சாதனமும் செருகியிருந்தான். விரல் விசையிலேயே இருந்தது. நீ போய்ச் சொன்னாய்.

"சார், விரல வெளிய எடுங்க. சுடும்போது மட்டும் உள்ள வைங்க."

"எனக்குத் தெரியும்ங்க. நான் கேம்ல டாப் லெவல்."

"கேம்ல செத்தா எந்திரிச்சுக்கலாம் சார். இங்க செத்தா விசா குடுத்த கஃபீலே வந்து கையெழுத்துப் போட்டாலும் எந்திரிக்க முடியாது."

அவன் கோபித்துக்கொண்டு மேலிடத்தில் புகார் கொடுத்தான். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீ சொன்ன பதில் இந்த ரேஞ்சில் இன்னும் நிற்கிறது. "துப்பாக்கிக்கு முன்னாடி படிச்சவன், படிக்காதவன், பணக்காரன், பிச்சைக்காரன் எல்லாம் கெடையாது சார். விரல் விட்டுப் பாத்தவன், பாக்காதவன். ரெண்டே ஜாதி."

விரல் விடுவது. அதுதானே உன் சட்டம்.

நம்ம சின்ன ரைபிள்கள் எல்லாம் பழசு. போல்ட் என்கிற அந்தத் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கிற தோட்டாவை ஒரு சின்னக் கொக்கி கவ்வி வெளியே தள்ள வேண்டும். அந்தக் கொக்கி தேய்ந்துபோன துப்பாக்கிகள் நம்மிடம் நிறைய. சில நேரம் கவ்வாமல் விட்டுவிடும். போல்ட் திறந்தே இருக்கும், பார்வைக்குக் காலி மாதிரியே இருக்கும், தோட்டா மட்டும் குழிக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. எவனாவது சும்மா போல்ட்டை முன்னால் தள்ளி விசையைத் தொட்டால் முடிந்தது கதை. அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீ விசில் ஊதி, வரிசையாக எல்லா மேஜைக்கும் போய், கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பாய். ஓட்டை தட்டுப்பட்டால் காலி. பொத்தான் மாதிரித் தட்டையாகத் தட்டுப்பட்டால் தோட்டா. "காலி!" என்று நீ கத்துவாய். சுட்டவனும் திருப்பிக் கத்த வேண்டும். அரபிக்காரனுக்கும் காலி, இந்திக்காரனுக்கும் காலி, நமக்கும் காலி, எல்லோருக்கும் புரிந்த ஒரே வார்த்தை. கடைசி மேஜையும் காலி ஆன பிறகுதான் பச்சைக் கொடி. கொடி ஏறினால்தான் தாள் மாற்றுகிற நேபாளிகள் ரெண்டு பேரும் முன்னால் போவார்கள். அவர்களின் முதுகு முழுக்க உன் சுண்டுவிரலை நம்பி நடந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மற்றவர்களுக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் ஒரு மணல் புயலைச் சேர்ப்பேன். உனக்குச் சொல்வதால் சேர்க்கவில்லை. நல்ல வெயில், அவ்வளவுதான்.

ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள், ஒற்றுமை வளர்க்க. வாரம் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் போட்டுக்கொடுக்கிற கூட்டம், வெள்ளிக்கிழமை சேர்ந்து துப்பாக்கி சுட்டால் ஒற்றுமை வந்துவிடுமாம். அவர்களின் பெரியவர், டை கட்டினவர், அந்த வெயிலிலும் கழற்றவில்லை. தாத்தா ஜமீன்தாராம், புலி வேட்டையாம். இவரைப் பார்த்தால் புலி தானாகவே வந்து பரிதாபப்பட்டுப் படுத்துக்கொள்ளும். ரைபிளை ஹார்மோனியப் பெட்டி மாதிரித் தடவுவதும், போல்ட்டை முன்னும் பின்னும் தள்ளி விளையாடுவதும், கையைச் சும்மா வைக்கவே தெரியாத மனுஷன்.

அவருடைய கடைசிக் குண்டு வெடிக்கவில்லை. 'டக்' என்று மட்டும் சத்தம். உடனே கிணறு எட்டிப் பார்த்தார். நீ பாய்ந்து குழாயைத் தள்ளிவிட்டாய். "சார், உள்ள மீனு இல்ல!" அவர் போல்ட்டை இழுத்துவிட்டு, ரைபிளை மேஜையில் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டார்.

நீ விசில் ஊதினாய். காலி, காலி, காலி என்று வரிசையாக வந்தாய். அவர் மேஜைக்கும் வந்தாய். குனிந்து பார்த்தாய். விரலை விட்டாய்.

"காலி!"

பச்சைக் கொடி ஏறியது. நேபாளி தாப்பாவும் இன்னொருத்தனும் தாள் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

நான் உன் பின்னாலேயே வந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஏன் வந்தேன் என்பது தெரியாது. அந்தக் கூட்டத்தில் ரெண்டு மூன்று பெண்பிள்ளைகள், கவுண்டரில் இருந்தே என்னிடம் "அங்கிள், நீங்களும் ஆபீசரா?" என்று கேட்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? நீ விரல் விட்ட ஒவ்வொரு துப்பாக்கியிலும் நானும் ஒருமுறை விரல் விட்டு, உதட்டைப் பிதுக்கித் தலையாட்டிக்கொண்டே வந்தேன், பெரிய அதிகாரி மேற்பார்வை பார்க்கிற மாதிரி. எல்லாம் ஓட்டை. ஓட்டை. ஓட்டை. டை கட்டினவர் மேஜையில் விட்டேன்.

பொத்தான்.

மச்சான், நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் நேபாளிகள் பாதி தூரம் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் டை கட்டினவர் போனை வைத்துவிட்டு, "ஓகே, காலி, காலி" என்று பழையபடி போல்ட்டில் கையை வைக்க வருகிறார். நான் தோட்டா என்று கத்தினால் அவர்கள் நின்றுவிடுவார்கள். ஆனால் தோட்டா என்று கத்தினால், காலி என்று சொன்ன நீ என்ன ஆவாய்? அந்தக் கூட்டமே கேமராவும் கையுமாக நிற்கிறது. உன் லைன் லைசென்ஸ், உன் விசா, அதைவிட உன் பேர். இதையெல்லாம் யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. வாய்தான் யோசித்தது. என் வாய்க்கு அவ்வளவு வேகம் உண்டு.

"பாம்பு! சாம்ப்! சாம்ப்! தாப்பா, பாக் ஜாவ்!"

தாப்பா ஓடி வந்த ஓட்டத்தை எந்தப் பந்தயத்திலும் பார்க்க முடியாது. தாளெல்லாம் பறந்தது. பெண்பிள்ளைகள் அலறினார்கள். புலி வேட்டை பரம்பரை துப்பாக்கியை விட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றது, டையைக் கையில் பிடித்துக்கொண்டு.

நீ திரும்பினாய். பாம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். என் சுண்டுவிரல் இன்னும் அந்த ரைபிளுக்குள்ளேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. உன் முகம் அப்போது ஆன மாதிரி அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு கணம்தான். அடுத்த கணம் நீ ஹவில்தார் ஆகிவிட்டாய். "எல்லாரும் பின்னாடி! கல்லி வல்லி, எல்லாத்தையும் விட்டுத் தள்ளுங்க! ஒருத்தரும் அசையக் கூடாது!" நேபாளிகள் கொட்டகைக்குள் வந்ததை நின்று பார்த்தாய். சிவப்புக் கொடியை நீயே ஏற்றினாய். மேஜைக்குக் குனிந்து, என் விரலை மெதுவாக ஒதுக்கி, போல்ட்டை மூடி, மணல் மேட்டைப் பார்த்துச் சுட்டாய். டை கட்டினவருக்கு வெடிக்காத அந்தக் குண்டு உனக்கு வெடித்தது. மேட்டில் ஒரு கைப்பிடி மண் எகிறியது. போல்ட்டை இழுத்தாய். பிறகு நீ விரல் விடவில்லை. என் கையைப் பிடித்து, என் சுண்டுவிரலை உள்ளே வைத்தாய். ஓட்டை.

"காலி" என்றேன் நான். அன்றைக்கு உன் வாயிலிருந்து அது வரவில்லை.

அதற்குள் கைதட்டல். ஒரே குண்டில் பாம்பு! டை கட்டினவர் நாற்காலியிலிருந்து இறங்கி உன் கையைக் குலுக்கினார். "பாம்பு எங்கே?" என்று ஒருத்தன் கேட்டான். "தலை தெறிச்சிருச்சு. உடம்பு மணலுக்குள்ள பூந்துருச்சு. கொம்பு விரியன். இவ்வளவு நீளம்" என்று ஒரு முழம் காட்டினேன். தாப்பா தன் கண்ணால் வாலைப் பார்த்ததாகத் தாய் மேல் சத்தியம் பண்ணினான். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, உண்மையிலேயே இருந்ததோ என்று. அந்தப் பெண்பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டது உன்னோடு. என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

டியூட்டி முடிந்து கேஃப்டீரியாவில் சர்க்கரை போடாத சுலைமானி டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எதிரே உட்கார்ந்தேன். நீ சுடச்சுட இருந்த அந்தக் கண்ணாடிக் கிளாஸைக் கையால் சுற்றிப் பிடித்தபடி இருந்தாய். நான் தொட்டுப் பார்த்தேன், எனக்குச் சுரீர் என்றது.

"சுடலையா மச்சான்?"

"கொஞ்ச நாளாவே விரலுக்கு எதுவும் தெரியல மாப்ளே. மரத்துப் போச்சு. சர்க்கரை. கண்ணு சரியா இல்லேன்னுதான் விரல நம்புனேன். இப்ப அதுவும் ஏமாத்திருச்சு."

 நான்தான் பேசினேன். அந்தப் பாம்பு கடித்திருந்தால் தாப்பா நீலமாகிப் போயிருப்பான் என்றும், நல்லவேளை நீ சுட்டாய் என்றும், ஒரு சிரிப்பு வரட்டுமே என்று சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"அவனுங்கள எவ்வளவு பேசியிருக்கேன் மாப்ளே. கிணத்துக்காரன், தோசைத் திருப்பின்னு. அவனுங்க தெரியாம செய்றானுங்க. நான் தெரிஞ்ச திமிர்ல செஞ்சுட்டேன்."

மறுநாள் காலை நீ விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, கவுண்டரில் போய் உட்கார்ந்துகொண்டாய். மேலிடத்தில் மூட்டு வலி என்று சொன்னாய். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. நீயே இறங்கினாய். சுட்டுத் தள்ளுகிற அந்தக் கூட்டத்தில் தன் தப்பை ஒப்புக்கொண்டு துப்பாக்கியை விட்டுத் தள்ளி நின்றவன் ஒருத்தன்கூட நான் பார்த்ததில்லை. உன்னைத் தவிர. அதன்பிறகு போய்ச் சேருகிறவரைக்கும் கவசமும் கண்ணாடியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே அங்கிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். "விரல நல்லா விடுடா! மூக்கு நோண்டுற மாதிரி விடாத!"

பாம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முழம் போய் ஒரு ஆள் நீளமாச்சு. ஜித்தா ஷரஃபியாவிலிருந்து வந்த என் தம்பிகூட, அங்கேயே கேள்விப்பட்டதாகச் சொன்னான். நான்தான் போனில் சொல்லியிருந்தேன், அது வேறு விஷயம். எனக்கு என்ன வருத்தம் தெரியுமா மச்சான்? வாழ்நாள் பூராவும் இல்லாததை இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, உண்மையிலேயே ரெண்டு உயிரைக் காப்பாற்றிய ஒரே ஒரு கதை கிடைத்தது. அதை வெளியே சொல்ல முடியாது. நெஞ்சில் இட்லி மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தது.

மத்தியானம் ஆச்சு. புது ஆட்கள் லைன் கதவுக்கு முன்னால் நின்றார்கள். தமிழ், மலையாளம், நேபாளம், எல்லாம் கலந்து. உன் போட்டோ சுவரில், முறைத்துக்கொண்டு. மேனேஜர் ஓரமாக நின்றார். வாயைத் திறந்தேன், பாம்பு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் அவன்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தன் சூயிங்கம் மெல்லுகிறான். ஒருத்தன் மேஜையில் இருந்த ரைபிளைத் தானாகவே எடுத்து, போல்ட்டைத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருக்கிறான். டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இவன்களிடம் பாம்பைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? கைதட்டுவான்கள். விரல் விடமாட்டான்கள். பொத்தானைச் சொல்ல வேண்டும். பொத்தானைச் சொன்னால் உன் பேர் போய்விடும்.

சொன்னேன்.

"பாம்பெல்லாம் ஒன்னும் இல்ல. அது பொய். நான் கட்டுன கதை. நடந்தது என்னன்னா, ஒரு துப்பாக்கிய நான் பாத்தேன். விரல் விட்டேன். காலின்னு கத்துனேன். கொடி ஏறிருச்சு. ரெண்டு பேரு முன்னாடி போயிட்டாங்க. பின்னாடியே இந்தப் போட்டோல இருக்குற ஹவில்தார் வந்து விரல் விட்டாரு. உள்ள தோட்டா. என்னால ரெண்டு பேரு போயிருப்பாங்க. இவருதான் பாம்புன்னு கத்தி அவங்கள நிறுத்துனாரு. என் மானம் போயிரக் கூடாதுன்னு."

 சூயிங்கம்காரன் சிரித்தான். "அட, நீங்களா பாய்? நெனச்சேன்!" எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மச்சான், கந்தூரி பலூனை எவனும் நம்பவில்லை. ஷேக்கின் வல்லூறு என் தோளில் வந்து உட்கார்ந்ததை எவனும் நம்பவில்லை. இதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல், ஒரு கண் சிமிட்டாமல், அப்படியே நம்பிவிட்டான்கள்.

அப்புறம் லைனில் போனோம். வரிசையாக ரைபிள்களைத் திறந்து வைத்தேன். ஒவ்வொருத்தனும் வந்து குனிந்து பார்த்தான், சுண்டுவிரலை விட்டான், நிதானமாகத் தடவினான், என் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கிணத்துக்காரனை நீ பார்க்கிற அதே பார்வை. இந்தக் கிழவன் மாதிரி ஆகிவிடக் கூடாது என்கிற பார்வை. போல்ட்டைத் தள்ளி விளையாடினவன் மட்டும் ஒரு துப்பாக்கிக்கு ரெண்டு தரம் விரல் விட்டான்.

"காலி!" என்று கத்தினான்.

"மறுபடி பாரு" என்றேன்.

பார்த்தான். "காலிதான் பாய். நான் உங்கள மாதிரி இல்ல."

சரி என்று பச்சைக் கொடியை ஏற்றினேன். தாப்பா தாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவனுக்கும் வயசாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தான்.

இப்போது ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு அதற்குள் ஒரு பேர் வைத்துவிட்டான்கள், 'பொத்தான் பாய்'. நீ வைத்திருந்தால் இதைவிட நன்றாக வைத்திருப்பாய். விரலைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தேன். கரி போகவில்லை. நான் ஒட்டக எலும்புச் சாம்பலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். கரி அப்படியே கிடக்கட்டும் மச்சான். சோறு பிசைகிற கையில்தானே இருக்கிறது.